போனும் கம்ப்யூட்டரும் படுத்தும் பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பலர் "எனக்கு இந்த டெக்னாலஜி எல்லாம் ஒத்து வராது" என்று தங்களையே நொந்துகொண்டுதான் கேட்கவே ஆரம்பிக்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பயன்படுத்துபவரின் தவறால் வருவன அல்ல, பொருளை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகளால் வருவன. எந்த முடிவு எங்கே இடிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

எது கெட்டாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்கிறார்களே, அது நிஜமாகவே உதவுமா?

உதவும். நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் எடுத்த நினைவகத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. பின்னணியில் ஏதோ ஒரு வேலை பாதியில் சிக்கி நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி வந்தது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுவதுமாக அணைவதில்லை. சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டுகிறது. சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதனால் "தினமும் ராத்திரி அணைக்கிறேனே, அப்படியும் ஹேங் ஆகிறதே" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஷட் டவுன் வேண்டாம், மெனுவில் இருக்கும் ரீஸ்டார்ட்டையே அழுத்துங்கள். அதுதான் முழுத் தொடக்கம்.

ரவுட்டரும் அப்படித்தான். சுவிட்சை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். ஒரே பிரச்சினை தினமும் திரும்பி வந்தால் மட்டும் ரீஸ்டார்ட்டோடு நிறுத்திவிடாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

128 ஜிபி என்று போட்டிருந்தது. போனில் பார்த்தால் அவ்வளவு இல்லையே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் போன்ற சில சிஸ்டங்கள் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கில் 128 ஜிபி என்பது சுமார் 119 ஆகிவிடும். அப்புறம், சிஸ்டமும் கூடவே வரும் ஆப்களும் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். எனவே வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே நம்பித் திட்டமிடாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் படங்களை அழித்தும் "மெமரி ஃபுல்" என்றே வருகிறது. ஏன்?

அழித்த படம் உடனே போவதில்லை. குப்பைத்தொட்டி அல்லது "சமீபத்தில் நீக்கியவை" என்ற பகுதியில் பெரும்பாலும் 30 நாள், சில சேவைகளில் 60 நாள் வரை இருக்கும். அங்கே போய் மறுபடியும் அழித்தால்தான் இடம் காலியாகும்.

ஆனால் படங்கள் பெரும்பாலும் உண்மையான குற்றவாளி இல்லை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து எது எவ்வளவு எடுக்கிறது என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்கள், எப்போதோ ஆஃப்லைனில் பார்க்க இறக்கிவைத்த படங்கள், இரண்டு மூன்று இடங்களில் இருக்கும் ஒரே வீடியோ ஆகியவைதான் முன்னால் நிற்கும். வாட்ஸ்அப்பிலேயே செட்டிங்ஸ் உள்ளே ஸ்டோரேஜை நிர்வகிக்கும் பகுதி இருக்கிறது. பெரிய கோப்புகளை அது வரிசைப்படுத்திக் காட்டும். அதே கையோடு தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரு எச்சரிக்கை: "கேச்சை அழி" என்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும், அது பாதுகாப்பானது. "டேட்டாவை அழி" என்பது அந்த ஆப்பைப் புதிதாகப் போட்டதுபோல் ஆக்கிவிடும், உள்ளே சேமித்தது போய்விடும். இரண்டு பொத்தான்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது மோசமான வடிவமைப்பு. அழுத்துமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்டேட் போட்டாலே ஏதாவது கெடுகிறது. போடாமலே இருந்துவிடலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பிழை காட்டும் நீலத்திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், உலகம் முழுக்கப் பரவி கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவை அதைப் போடாமல் விட்ட கணினிகளும், அப்டேட்டே வராத பழைய விண்டோஸ் கணினிகளும்தான்.

என் கருத்து இது. அப்டேட்டில் இரண்டு வகை உண்டு. பாதுகாப்பு அப்டேட் சிறியது, மாதந்தோறும் வருவது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிப்பு எண்ணே மாறும் பெரிய அப்டேட், அதாவது புதுத் தோற்றம், புது வசதிகளோடு வருவது, இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போட்டால் போதும். அதற்குள் மற்றவர்களுக்கு வரும் பிரச்சினைகள் தெரிந்துவிடும், திருத்தமும் வந்துவிடும். பெரிய அப்டேட்டுக்கு முன் பேக்கப், அதாவது தனி நகல், எடுங்கள், முக்கியமான வேலை இருக்கும் நாளுக்கு முந்தைய இரவில் போடாதீர்கள்.

உண்மையில் எரிச்சல் தருவது நிறுவனங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து தருவதுதான். ஓட்டையை அடைக்கப் போனால் மெனுவும் இடம் மாறியிருக்கும், கேட்காத ஆப் ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால்தான் மக்கள் அப்டேட் என்றாலே ஒதுங்குகிறார்கள். அந்தப் பழி மக்கள்மேல் விழக்கூடாது.

என் கணினியில் விண்டோஸ் 10 தான். நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினி நின்றுவிடாது, ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் தானாக வராது. தனியாகப் பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் ஓரளவு புதிய ப்ராசசரையும் கேட்கிறது. நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ கணினிகள் இதனால் வெளியே தள்ளப்படுகின்றன. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. உங்கள் வேலை பிரவுசர், மின்னஞ்சல், சாதாரண எழுத்துப்பணி அளவில்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு அதே கணினியை இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். யூஎஸ்பி டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வழி இருக்கிறது.

பழைய போனை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள் என்பது உண்மையா?

ஒரு வழக்கில் உண்மை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. காரணம் தொழில்நுட்பரீதியாகச் சரி. பயனருக்குச் சொல்லாமல் செய்ததுதான் தவறு. பேட்டரியை மாற்றினாலே பழைய வேகம் வந்துவிடும் என்று தெரியாமல் பலர் புதுப் போனே வாங்கினார்கள். அதன் பிறகுதான் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பகுதி செட்டிங்ஸில் வந்தது.

பொதுவாகப் பழைய போன் மெதுவாவதற்குக் காரணம், ஆப்களும் இணையதளங்களும் ஆண்டுக்கு ஆண்டு கனமாவது. ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தாலும் வேகம் குறையும். பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள்.

இரவு முழுக்க சார்ஜில் போட்டால் பேட்டரி கெடுமா?

இன்றைய போன்கள் நிரம்பியதும் தாமாகவே நிறுத்திக்கொள்ளும், எனவே ஆபத்து எதுவும் இல்லை. லித்தியம் அயான் பேட்டரியைத் தேய்ப்பவை வெப்பமும், 100 சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்பதும்தான். 80-ல் நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் போட்டபடியே கேம் ஆடுவதும் வேண்டாம். முழுவதும் தீரவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிகளின் காலத்துப் பழக்கம், இப்போது தேவையில்லை.

திறந்த ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவதாலும் சார்ஜ் மிச்சமாகாது. மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதலாகச் செலவாகும்.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாஸ்வேர்ட், அதிலும் பெரிய எழுத்து, எண், குறி. யாரால் நினைவில் வைக்க முடியும்?

யாராலும் முடியாது. இந்த விதிகளை எழுதியவரே பின்னால் வருந்தியிருக்கிறார். 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக இந்தப் பரிந்துரைகளை எழுதியவர் பில் பர். அவற்றில் பலவற்றை எண்ணி வருந்துவதாக 2017-ல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டுதலை மாற்றியது. எழுத்து, எண், குறி என்று கலவையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், நீளமாக இருப்பதுதான் முக்கியம் என்றது. இன்னும் எத்தனையோ தளங்கள் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

உண்மையான ஆபத்து ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் போடுவது. நீங்கள் மறந்தே போன ஏதோ ஒரு சிறு தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் கசியும். திருடர்கள் அதே மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மற்ற எல்லா இடங்களிலும் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரை வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் பிரவுசரிலும் கூடவே வருவதே போதும். அதுவே நீளமான பாஸ்வேர்டை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவை அதைத் திறக்கும் சொல்லும் முதன்மை மின்னஞ்சலின் பாஸ்வேர்டும்தான். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களை வரிசையாக அடுக்கினால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். முதன்மை மின்னஞ்சலுக்கு மட்டும் தனிக் கவனம் கொடுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா" இணைப்பும் அங்கேதான் வருகிறது.

வயதான பெற்றோர் நோட்டில் எழுதி அலமாரியில் வைத்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். இணையத்தில் இருக்கும் திருடன் அந்த அலமாரிக்கு வர முடியாது. எங்கும் ஒரே பாஸ்வேர்ட் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

போன் தொலைந்தால் ஓடிபி எப்படி வரும்?

வராது என்பதால்தான் முன்னேற்பாடு தேவை. பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடும்போது பெரும்பாலான தளங்கள் பேக்கப் கோடு என்று சில எண்களைத் தரும். அவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள், போனுக்குள்ளேயே ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால் பயன் இல்லை. போன் எண்ணை மாற்றுவதற்கு முன் எல்லாக் கணக்குகளிலும் புது எண்ணைக் கொடுத்துவிடுங்கள். விட்டுவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடலாம், உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

படங்கள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. அப்புறம் எதற்குத் தனி பேக்கப்?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். இழந்தால் திரும்ப வராத பொருள் இதுதான்.

கிளவுட் ஆப்கள் பெரும்பாலும் செய்வது சிங்க், பேக்கப் அல்ல. சிங்க் என்றால் எல்லா இடத்திலும் ஒரே நிலை. போனில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். குழந்தை தவறுதலாக ஒரு ஆல்பத்தையே அழித்தால், குப்பைத்தொட்டியின் கெடு முடிந்த பிறகு எங்கும் இருக்காது. இதை அறியாமல் "போனில் இடமில்லை, கிளவுடில்தான் இருக்கிறதே" என்று அழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இருக்கவில்லை.

நிறுவனங்களின் விதிகளும் மாறும். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகப் படங்களை வைத்துக்கொண்ட ஏற்பாடு 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்றும் கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்தது. மறைந்த ஒருவரின் கணக்கில் குடும்பப் படங்கள் இருந்தால் இதை உடனே கவனியுங்கள்.

3-2-1 என்ற முறையைப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கிறார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. நடைமுறையில் போனில் ஒன்று, கிளவுடில் ஒன்று, வீட்டில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கில் நகலெடுங்கள், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் வன்னாக்ரை போன்ற மால்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். அவ்வப்போது சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

100 எம்பி இணைப்பு என்றார்கள். டவுன்லோடு 12-ஐத் தாண்டவில்லையே, ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், டவுன்லோடு மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்குச் சரியாகவே வருகிறது.

படுக்கையறையில் மட்டும் வைஃபை இழுக்கிறது. என்ன செய்வது?

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் மெது, நெரிசலும் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் வந்தால் தேய்ந்துவிடும். ரவுட்டருக்கு அருகில் 5, தள்ளி இருக்கும் அறையில் 2.4 என்று மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் முன், ரவுட்டர் எங்கே இருக்கிறது? வீட்டு மூலையில், டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள் என்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும்.

நாம் பேசியதைப் போன் ஒட்டுக்கேட்டு விளம்பரம் காட்டுகிறதா?

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். யாரும் கேட்காமல் மைக்கை இயக்கி ஒலியை வெளியே அனுப்பிய ஆப் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் திரையில் நடப்பதைப் பதிவு செய்து வெளியாருக்கு அனுப்பிய ஆப்கள் சிக்கின.

ஒட்டுக்கேட்க அவசியமே இல்லை என்பதுதான் கவலைக்குரியது. நீங்கள் எங்கே போகிறீர்கள், யாரோடு ஒரே வைஃபையில் இருக்கிறீர்கள், உங்கள் நண்பர் எதைத் தேடினார் என்பதை வைத்தே ஊகித்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் ஆப் அனுமதிகளுக்குப் போய் இருப்பிடம், தொடர்புகள், மைக் மூன்றையும் தேவையில்லாத ஆப்களிடமிருந்து பிடுங்கிவிடுங்கள்.

ஒரே மாதிரி டைப்-சி கேபிள்தானே, ஒன்று வேகமாக சார்ஜ் ஏற்றுகிறது, இன்னொன்று ஏற்றவில்லையே?

முனை ஒன்று, உள்ளே வேறு. சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரை தாங்கும். 240 வாட் வரை தாங்கும் கேபிளில் தனிச் சிப் இருக்கும். தகவல் அனுப்பும் வேகமும் நொடிக்கு 480 மெகாபிட் முதல் 40 கிகாபிட் வரைக்கும் அதற்கு மேலும் வேறுபடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நல்ல கேபிள் வாங்கியதும் அதில் ஒரு சிறு லேபிள் ஒட்டி எழுதிவையுங்கள்.

பிரிண்டர் அவசரத்துக்கு எப்போதும் வேலை செய்வதில்லை. ஏன்?

இங்க்ஜெட் பிரிண்டரை நாள்கணக்கில் சும்மா விட்டால் நுண்ணிய துளைகளில் மை உலர்ந்துவிடும். அதைச் சுத்தம் செய்யவும் மையைத்தான் செலவழிக்கும். வாரம் ஒரு பக்கம் வண்ணத்தில் அடித்தால் அடைக்காது. எப்போதாவது மட்டும் அடிப்பவர்களுக்கு லேசர் பிரிண்டர்தான் ஏற்றது. அதில் மைக்குப் பதில் தூள், அது உலராது.

"ஆஃப்லைன்" என்று காட்டினால், ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேருங்கள்.

ஆப்பை எப்போதோ அழித்துவிட்டேன், பணம் மட்டும் மாதாமாதம் போகிறது.

ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து உங்கள் படத்தை அழுத்தினால் பணம், சந்தாக்கள் என்ற பகுதி வரும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரை அழுத்தினால் சந்தாக்கள் பகுதி வரும். அங்கே ரத்து செய்யுங்கள். இலவசச் சோதனைக் காலம் தொடங்கிய அன்றே ரத்து செய்துவிடுவது நல்லது. பெரும்பாலும் கெடு முடியும் வரை பயன்படுத்த விடுவார்கள்.

"உங்கள் கணினியில் வைரஸ்" என்று திரை முழுக்க வந்து, ஒரு எண்ணை அழைக்கச் சொல்கிறது.

மோசடி. நிஜமான பாதுகாப்பு எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. பிரவுசரை மூடுங்கள், மூட முடியாவிட்டால் கணினியை அணைத்துவிடுங்கள். யாராவது அழைத்து, திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால் பேச்சை அங்கேயே துண்டியுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அடுத்த முறை மறைப்பார்கள், அந்த மணி நேரத்தில்தான் பணம் போகும்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசியில் போடலாமா?

வேண்டாம், தூளும் துகளும் உள்ளே போகும். ஆப்பிள் கூட வேண்டாம் என்றே சொல்கிறது. அணைத்து, துடைத்து, சார்ஜ் போடும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நன்றாக உலரும் வரை சார்ஜ் போடாதீர்கள்.

புதுப் போன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேமராவின் மெகாபிக்சலைவிட, எத்தனை ஆண்டு அப்டேட் தருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தன. மலிவான மாடல்களில் இது மிகக் குறைவாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு சிஸ்டம் அப்டேட் தர வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. இப்படி ஒரு விதி எல்லா நாடுகளிலும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆண்டுகள் எண்ணத் தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, பெரும்பாலும் அந்த மாடல் வெளியான நாளிலிருந்து. தள்ளுபடியில் பழைய மாடல் வாங்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய போனை இன்னொருவருக்குக் கொடுக்குமுன் என்ன செய்ய வேண்டும்?

வரிசை முக்கியம். முதலில் பேக்கப். பிறகு வாட்ஸ்அப்பையும் ஓடிபி உருவாக்கும் ஆப்பையும் புதுப் போனுக்கு மாற்றி, அங்கே வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். கடைசியாகத்தான் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, வாங்கியவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.